அம்பு எங்கே பட்டது? வில் வேட்டைக்குக் கேமரா வாங்குவதும் பொருத்துவதும்

வில்லோடு காட்டுக்குப் போகிறவர் கேமராவையும் தூக்கிக்கொண்டு போக ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என் காரணம் ஒன்றுதான். அம்பு மானின் உடம்பில் எங்கே பட்டது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். 20 கஜத்தில் நிற்கிற மானை நோக்கி விட்ட அம்பு போய்ச் சேரக் கால் நொடிகூட ஆகாது. அந்த நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும், வில் கையில் துள்ளும், மான் ஒரே பாய்ச்சலில் புதருக்குள் போய்விடும். கண்ணால் பார்த்தேன் என்று மனம் அடித்துச் சொல்வது பல நேரம் நடந்தது அல்ல. நுரையீரலா, ஈரலா, குடலா என்பதை வைத்துத்தான் மரத்தில் கட்டிய பரணை விட்டு எப்போது இறங்குவது, எப்போது தேடப் போவது என்று முடிவு செய்ய வேண்டும். குடலில் அடிபட்ட மானை அரை மணியில் போய்க் கிளப்பிவிட்டால் அது படுத்த இடத்தை விட்டு எழுந்து நெடுந்தூரம் போய்விடும். வேதனையோடு எங்கோ கிடந்து சாகும், யாருக்கும் கிடைக்காது. அப்படி ஒன்று நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் கேமரா மாட்டுகிறேன். வீடியோ அழகாக அமைந்தால் மகிழ்ச்சி, ஆனால் அது அடுத்த விஷயம். கீழே நான் சொல்கிற எல்லாத் தேர்வுகளும் இந்த ஒரு தேவையிலிருந்து வருபவை.

நான் இருப்பது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் மேற்குப் பக்கம். பெரும்பாலும் அலிகன் மாநில வேட்டை நிலத்தில், வெள்ளைவால் மானுக்காகக் காத்திருப்பேன். இங்கே வில் பருவம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை. மறுநாள் துப்பாக்கிப் பருவம் தொடங்கும், டிசம்பர் 1-ல் மறுபடியும் வில். ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம். இங்கே உரிமம் எடுத்து, மாநிலம் வகுத்த நாட்களில், வகுத்த எண்ணிக்கைக்குள் செய்வது சட்டப்படியான வேட்டை. ஊரில் இலக்குப் பலகையில் அம்பெய்து பழகுகிறவர்களுக்கு அடுத்து வரும் வேகக் கணக்கு அப்படியே பொருந்தும்.

முதலில் கணக்கு

கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில்லிலிருந்து கிளம்பும் வேட்டை அம்பு நொடிக்குச் சுமார் 280 அடி, அதாவது 85 மீட்டர் வேகத்தில் போகும். அம்பின் நீளம் 70 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். நொடிக்கு 30 பிரேம் (தனித்தனிப் படம்) எடுக்கும் கேமராவில், ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் நடுவில் அம்பு 2.8 மீட்டர் தாண்டிவிடும். 20 கஜத்துக்கு ஆறு ஏழு பிரேம்தான் கிடைக்கும், பட்ட கணம் அவற்றில் விழாமலே போகலாம். 60 பிரேமில் 1.4 மீட்டர். 120 பிரேமில் 70 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட அம்பின் நீளம். அதனால் 120 பிரேம் வைத்தால் அம்பு எங்கிருந்து எங்கே போனது என்று ஒவ்வொரு பிரேமாக விரல் வைத்துக் காட்டலாம். விற்பனையாளர் 4கே, 6கே என்று சொல்லும்போது, "120 பிரேமில் எவ்வளவு தெளிவு வரும்?" என்று கேளுங்கள். நமக்கு வேண்டிய கேள்வி அதுதான்.

பிரேமோடு ஷட்டர் வேகமும், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி உள்ளே வரும் நேரமும், சேர வேண்டும். 1/60 நொடி ஷட்டரில் அம்பு ஒன்றரை மீட்டர் நீளக் கலங்கல் கோடாகத்தான் விழும், பல நேரம் கண்ணுக்கே தெரியாது. 1/1000-ல் கலங்கல் எட்டரை சென்டிமீட்டராகச் சுருங்கும், அம்பு அம்பாகத் தெரியும். ஆனால் 1/60-லிருந்து 1/1000-க்குப் போனால் உள்ளே வரும் ஒளி பதினாறில் ஒரு பங்காகிவிடும். மான் நடமாடுவதோ விடிகாலையிலும் அந்தியிலும். மிச்சிகனில் மானுக்கான நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன் தொடங்கி அத்தமனத்துக்கு அரை மணி பின் முடிகிறது. அந்த அரைமணிகளில் 120 பிரேமும் 1/1000-மும் வைத்தால் படம் முழுக்கக் கருப்பும் புள்ளியும்தான்.

இதற்கு நான் செய்வது: நன்றாக விடிந்த பிறகு 120 பிரேம், 1/1000. மங்கிய நேரத்தில் 60 பிரேம், 1/125 அளவில். அம்பின் பின்முனையில் ஒளிரும் நாக் எப்போதும் உண்டு. நாண் தள்ளும்போது எரியத் தொடங்கும் சின்ன எல்இடி அது. மங்கிய வெளிச்சத்தில் அம்பு தெரியாவிட்டாலும் அந்த ஒளிக் கோடு தெரியும், கோடு எங்கே முடிகிறதோ அங்கேதான் அம்பு பட்டிருக்கிறது. சிவப்பு, பச்சை இரண்டையும் பார்த்துவிட்டேன். அக்டோபர் இலைகள் சிவந்து கிடக்கும்போது பச்சை நாக்தான் கேமராவில் தனித்துத் தெரிகிறது. இறகுகள் வெள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது.

எந்தக் கேமரா

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், மரத்தில் மாட்டும் கேம்கார்டர் (கையடக்க வீடியோ கேமரா) வாங்குங்கள். வில்லில் மாட்டும் கேமரா அல்ல. அம்பு கிளம்பியதும் வில் முன்னோக்கிச் சாயும், சரியாகப் பிடித்திருக்கிறவர் கையில் சாயத்தான் வேண்டும். வில்லோடு சேர்ந்து கேமராவும் தரையைப் பார்க்கும். அம்பு மானைத் தொடுகிற அந்தக் கணத்தில்தான் படம் அதிகமாக ஆடும். நமக்கு வேண்டியதும் அதே கணம்.

கேம்கார்டரில் பார்க்க வேண்டியவை: டிஜிட்டல் அல்லாத ஆப்டிக்கல் ஜூம் குறைந்தது 12 மடங்கு (சோனி ஏஎக்ஸ்53 போன்றவற்றில் 20 மடங்கு உண்டு), லென்ஸ் ஆட்டத்தைத் தாங்கும் ஸ்டெபிலைசேஷன், கையால் திருப்பும் போகஸ் வளையம், வெளி மைக் செருகும் துளை, ரிமோட் இணைக்கும் வசதி. போகஸ் வளையத்தை இரண்டாம் பட்சமாக நினைக்காதீர்கள். காட்டில் ஆட்டோ போகஸ் மானை விட்டுவிட்டு முன்னால் நிற்கும் சுள்ளியைப் பிடித்துக்கொள்ளும். சுள்ளி பளிச்சென்று, மான் புகைமூட்டமாக. அப்படி ஒரு வீடியோவிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. பரணில் ஏறி உட்கார்ந்ததும் 20 கஜத்தில் ஒரு மரத்தைப் பார்த்து, போகஸைக் கையால் வைத்துவிட்டு விட்டுவிடுவேன். மான் அந்த மரத்துக்கு முன்பின் நாலைந்து அடியில் வந்தால் சரியாகவே இருக்கும்.

மிரர்லெஸ் கேமராவில் படம் மிக அழகாக வரும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் 70-200 லென்ஸோடு அதன் எடையும், போகஸின் மெல்லிய ஆழமும் தனியாக வில்லும் பிடிக்கிற ஒருவருக்குச் சுமை. கேமராவை இயக்க இன்னொரு ஆள் இருந்தால் யோசிக்கலாம்.

கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கேமராக்கள் அகலமாகப் பார்ப்பவை. 20 கஜத்து மான் அதில் எறும்பு அளவுதான் இருக்கும். தலைக்கு மேல் கிளையில் மாட்டி, வில் இழுக்கும் நம்மையும் கீழே உள்ள காட்டையும் சேர்த்து எடுக்க அது நல்லது. ஓடிய மான் எந்தப் பக்கம் திரும்பியது என்பதை அகலப் படம்தான் சொல்லும். கோப்ரோவின் ஹீரோ 9 முதல் வந்தவற்றில் பட்டனை அழுத்துவதற்கு முந்தைய 15 அல்லது 30 நொடியையும் சேர்த்துப் பதியும் வசதி உண்டு, திடீரென்று வந்து நிற்கிற மானுக்கு அது உதவும். ஆனால் பேட்டரியைத் தின்றுவிடும்.

கைபேசியை வில்லில் மாட்டும் பிடிப்பான்கள் கடைகளில் கிடைக்கின்றன. எனக்கு அதில் விருப்பமில்லை. மோட்டார் சைக்கிளின் தொடர் அதிர்வு ஐபோன் கேமராவின் ஸ்டெபிலைசேஷனைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்தது. வில்லின் அதிர்வு வேறு வகைதான். இருந்தாலும், காட்டில் அவசரத்துக்கு ஆளைக் கூப்பிட இருக்கிற ஒரே கருவியை ஒவ்வொரு அம்புக்கும் உதறவிட எனக்கு மனமில்லை.

வில்லில் மாட்டுவதானால்

இரண்டாவது கோணமாக வில்லிலும் ஒன்று வைக்க விரும்பினால், டாக்டகாம் போல் குழாய் வடிவில் வில்லுக்காகவே செய்த, ஜூம் உள்ள கேமராவைப் பாருங்கள். ஒரே பட்டன், கையுறையோடு அழுத்தலாம். வில்லின் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் தண்டு மாட்டும் துளையின் மரை 5/16-24, கேமராக்களின் அடியில் இருப்பது 1/4-20. இரண்டும் ஒன்றோடொன்று சேராது. அடாப்டர் எஃகில் வாங்குங்கள், அலுமினிய மரை அதிர்ந்து அதிர்ந்து தேய்ந்துவிடும். மரை கழலாமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு. நடுவில் அதிர்வை உறிஞ்சும் ரப்பர் டேம்பர் ஒன்று.

மாட்டியதும் அம்பு வைக்காமல் நாணை விட்டுப் பார்க்காதீர்கள், வில் உடையும். அம்பை வைத்து மெல்ல இழுத்துப் பிடிக்க, பக்கத்தில் ஒருவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள். இறகோ கேபிளோ பிடிப்பானைத் தொடும் வாய்ப்பு இருக்கிறதா, குறிபார்க்கும் சைட் பின்னை மறைக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். பிறகு 20 கஜத்து இலக்கில் எய்து, வீடியோவில் இலக்கு நடுவில் விழும்வரை கேமராவின் சாய்வைத் திருத்துங்கள். முன்பக்கம் நூறு நூற்றைம்பது கிராம் கூடினாலே வில்லின் சமநிலை மாறும். பருவத்துக்கு முந்தைய இரவு மாட்டுகிற பொருளல்ல இது. கோடையிலேயே மாட்டி, அதோடு பழகி, சைட்டைத் திரும்பச் சரிசெய்திருக்க வேண்டும்.

மரத்தில் மாட்டுவது

உழைப்பு இங்கேதான். கேமரா கை என்று நாங்கள் சொல்வது, மரத்தில் பட்டையால் இறுக்கும் ஓர் அடிப்பீடமும் அதிலிருந்து நீளும் மடக்குக் கையும். கையின் நுனியில் கேமராவை வழுக்கலாகத் திருப்ப உதவும் சின்ன ப்ளூயிட் ஹெட், அதன்மேல் கேமரா.

திருகாணியால் மரத்தில் இறங்கும் வகையும் உண்டு. மிச்சிகனில் பொது நிலத்தில் மரப்பட்டையைத் துளைக்கும் எதையும் பயன்படுத்தக் கூடாது, அதனால் ராட்செட் பட்டையால் கட்டும் வகைதான் வாங்க வேண்டும். உங்கள் மாநிலத்தின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். வில்லிலோ அம்பிலோ மின்னணுப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று தடுக்கும் மாநிலங்கள் உண்டு, அங்கே ஒளிரும் நாக்குக்கும் வில் கேமராவுக்கும் விலக்கு இருக்கிறதா என்று படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். வில் வேட்டைப் பதிவுகளை வைத்திருக்கும் போப் அண்ட் யங் கிளப் இந்த இரண்டையும் 2014-ல்தான் ஏற்றுக்கொண்டது. மரத்தில் மாட்டும் கேமரா இந்தச் சிக்கலில் வராது.

எந்தப் பக்கம் கட்டுவது? நான் வலக்கைக்காரன். வில் இடக்கையில் இருக்கும். கேமராவை நகர்த்த வலக்கைதான் காலியாக இருக்கிறது. அதனால் பீடத்தை மரத்தின் வலப்பக்கம், நின்றால் இடுப்புக்குச் சற்று மேலே வருகிற உயரத்தில் கட்டுகிறேன். அதற்கு மேல் போகக் கூடாது. முழுதாக இழுக்கும்போது வலது முழங்கை தோள் உயரத்தில் பின்னுக்குப் போகும், பீடமோ கேமரா கையோ அங்கே இருந்தால் இடிக்கும். கேமரா எனக்கு முன்னால், வில்லின் கீழ் முனையைத் தொடாத தூரத்தில் நிற்கும். பரணில் நின்றபடி வில்லை இழுத்துப் பிடித்து இடதுகோடியிலிருந்து வலதுகோடிவரை மெல்லத் திரும்பிப் பாருங்கள். எங்கேயாவது தட்டினால் கேமரா கையின் ஒரு மூட்டை மடக்கி மாற்றுங்கள். இடக்கைக்காரர் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மட்டம். எந்த மரமும் நேராக நிற்பதில்லை. பீடத்தில் குமிழ் மட்டமும் அதைத் திருத்தும் திருகுகளும் இருக்கும். கேமராவை ஏற்றுவதற்கு முன், வெறும் கேமரா கையை நடுவில் விட்டுப் பாருங்கள். ஒரு பக்கமாக மெல்ல நகர்ந்தால் மட்டம் சரியில்லை. அப்படியே விட்டால், நீங்கள் மானை நடுவில் வைத்துவிட்டு வில்லை இழுக்கும் நேரத்தில் கேமரா தன் பாரத்தால் கதவு தானாகத் திறப்பதுபோல் திரும்பிப் போய்விடும். ப்ளூயிட் ஹெட்டின் இறுக்கத்தையும் அப்போதே பாருங்கள்: ஒரு விரலால் தள்ளினால் நகர வேண்டும், விரலை எடுத்ததும் நிற்க வேண்டும்.

நான் ஏறுவது பதினெட்டு இருபது அடி. முழு உடல் ஹார்னஸ் (பாதுகாப்புப் பட்டை) போட்டு, தரையிலிருந்தே உயிர்க்கயிற்றில், பாரம் விழுந்தால் இறுகும் ப்ரூசிக் முடிச்சோடு இணைத்துக்கொண்டுதான் முதல் படியில் கால் வைப்பேன். கேமரா வேலையில் நாம் மரத்தைச் சுற்றி எட்டி எட்டிக் கட்டுகிறோம், வெறும் வேட்டைக்காரரைவிட நமக்கு விழும் வாய்ப்பு அதிகம். வில், கேமராப் பை, கேமரா கை மூன்றையும் தரையில் வைத்துவிட்டு மேலே போய்க் கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள். கையில் எதையும் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

சத்தமும் மினுக்கமும் மானைக் கிளப்பும். கேமராவின் பீப் ஒலியையும், பதிவாகும்போது முன்னால் எரியும் சிவப்பு விளக்கையும் மெனுவில் நிறுத்துங்கள். திரை வெளிச்சத்தைக் கடைசிவரை குறையுங்கள், விடிகாலையில் அது உங்கள் முகத்தில் விளக்கடிக்கும். உலோகம் உலோகத்தில் உரசும் இடங்களில் துணி டேப் ஒட்டுங்கள்.

மான் வரும்போது

வரிசை இது: கேமராவை ஓடவிடு, மானைச் சட்டத்துக்குள் கொண்டுவா, பிறகு வில். மான் ஒரு மரத்துக்குப் பின்னால் போகும் நேரத்தில் மட்டும் கேமராவை அசைக்கவும். ஜூமைக் கடைசிவரை போடாதீர்கள். சட்டத்தில் மூன்று நான்கு மான் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற அகலம் இருக்கட்டும், மான் பார்க்கிற திசையில் இடம் கூடுதலாக இருக்கட்டும். நாண் ஒலி கேட்டதும் வெள்ளைவால் மான் ஓடுவதற்காக உடம்பைத் தாழ்த்தும். இறுக்கமான சட்டத்தில் அது அப்படியே வெளியே போய்விடும்.

கேமராவில் மான் இல்லை, ஆனால் நல்ல வாய்ப்பு என்றால்? கேமராவை மறந்துவிட்டு எய்வதா என்பது உங்கள் முடிவு. அதற்கு எதிர்ப்பக்கம்தான் எனக்கு முக்கியம்: வீடியோவில் நன்றாக விழுகிறது என்பதற்காக மோசமான கோணத்தில் எய்யவே கூடாது. மான் பக்கவாட்டிலோ, சற்று விலகிய கோணத்திலோ நிற்க வேண்டும். நேராக நம்மைப் பார்த்து நின்றால் கேமரா எவ்வளவு அழகாகக் காட்டினாலும் வில்லை இறக்குங்கள்.

படமெடுக்க இன்னொருவர் வந்தால் அவர் எய்பவருக்கு ஒரு மீட்டர் மேலே, தோளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். என் மச்சினன் சில காலைகளில் வருவான். நாங்கள் வைத்திருக்கும் ஒரே ஒப்பந்தம், அவன் "சரி, அத்தான்" என்று சொல்லும்வரை நான் விடமாட்டேன். "இருங்க, இன்னும் போகஸ் வரல" என்று அவன் கிசுகிசுத்து, மான் போய்விட்ட காலைகளும் உண்டு. அது போகட்டும்.

எய்த பிறகு

கேமராவைத் தொடாதீர்கள். மான் கண்ணுக்கு மறைந்த பிறகும் ஓடட்டும், விழும் சத்தமோ சுள்ளி ஒடியும் சத்தமோ மைக்கில் பதியும். மைக்குக்கு மயிருறை போட்டிருந்தால்தான் காற்றிரைச்சலுக்கு நடுவே அது கேட்கும். கடைசியாகப் பார்த்த இடத்தை வாயால் சொல்லிப் பதியுங்கள்: "வலது பக்கம், சாய்ந்த பீச் மரம், அதற்குப் பின்னால்." ஒரு மணி நேரம் கழித்து நினைவு குழம்பும், குரல் குழம்பாது.

பிறகு உட்காருங்கள். நடுக்கம் நிற்கட்டும். கேமராவின் சின்னத் திரையில் ஒரு முறை பாருங்கள், ஆனால் அதை வைத்து உறுதியாக முடிவெடுக்காதீர்கள். முடிந்தால் அமைதியாக இறங்கி, காருக்குப் போய் லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் திறந்து, "ஈ" விசையை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு பிரேமாகப் பாருங்கள்.

ஒரு நவம்பர் காலையில் பெண் மான் ஒன்று 22 கஜத்தில் நின்றது. தோளுக்குப் பின்னால், நுரையீரலில் பட்டது என்று என் கண் சொன்னது. பிரேம் பிரேமாகப் பார்த்தபோது கதை வேறு. நாண் ஒலி கேட்டதும், அம்பு போய்ச் சேர்வதற்கு முன்பே அது முன்னங்காலை மடக்கித் தாழ்ந்து முன்னோக்கி நகரத் தொடங்கிவிட்டது. பச்சைக் கோடு முடிந்த இடம் நான் குறிவைத்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால். ஈரல். நுரையீரல் என்றால் அரை மணி போதும். ஈரல் என்றால் குறைந்தது நான்கு மணி நேரம், குடல் என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். எனக்கு வில் கற்றுத்தந்த பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அந்த ஒரு பிரேமை அனுப்பினேன். "மதியம்வரை அந்தப் பக்கம் போகாதே" என்றார். மதியம் போனபோது அடர்சிவப்பு ரத்தம், நுரையே இல்லை. முதலில் படுத்த இடத்திலேயே அது இறந்து கிடந்தது, அங்கிருந்து எழவே இல்லை.

வீடியோவை ரத்தத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இளஞ்சிவப்பில் நுரைத்திருந்தால் நுரையீரல், அடர்சிவப்பு என்றால் ஈரல், அம்பில் பச்சையும் நாற்றமும் என்றால் குடல். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நீண்ட காத்திருப்பையே தேர்ந்தெடுங்கள். மிச்சிகனில் கயிற்றில் பிடித்த மோப்ப நாயோடு அடிபட்ட மானைத் தேட அனுமதி உண்டு. நாய்க்காரர் முதலில் கேட்பது எங்கே பட்டது, எப்போது பட்டது என்பதுதான். இரண்டுக்கும் விடை உங்கள் வீடியோவில் நேரத்தோடு இருக்கிறது.

பேட்டரி, கார்டு, குளிர்

வி30 என்று (எழுதும் வேகத்தின் குறி அது) போட்ட கார்டு வாங்குங்கள். நொடிக்கு 60 மெகாபிட்டில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 27 ஜிபி ஆகும், 64 ஜிபி கார்டு இரண்டு மணி நேரம் தாங்கும். குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். மாற்று பேட்டரிகளைச் சட்டைக்கு உட்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே இருந்துவிட்டு வீட்டுக்கு வரும்போது, வாசலிலேயே கார்டை எடுத்துக்கொண்டு கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கம் படியும், லென்ஸில் படியாது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, கேமரா வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கலாம்.